அறிக்கையில் இல்லாத பெயர்

துரொன்ட்ஹைம், நோர்வே
4 மே 2014

மச்சாளுக்கு,

நிறஞ்சலா எழுதுகிறேன். நோர்வே முத்திரையைப் பார்த்ததும் உங்களுக்கு விளங்கியிருக்கும். கிழித்து அடுப்பில் போடாமல் வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அண்ணாவின் அடக்கம் முடிந்து இங்கே திரும்பிய பிறகு எத்தனையோ தடவை உங்களுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டேன். இரண்டு தடவை மகள்தான் எடுத்தாள். "அம்மா கதைக்க மாட்டாவாம் மாமி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அண்ணாவைப் புதைத்த சேமக்காலையில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "இனி என்ர படலைக்குள்ள கால் வைக்காத" என்றீர்கள். வைக்கவில்லை. அதனால்தான் முப்பத்தோராம் நாளுக்கும் வரவில்லை. வராததற்கும் திட்டியிருப்பீர்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் எனக்குத் திட்டுத்தான், அது நியாயமும்தான்.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நடந்த விபத்தைப் பற்றிய அறிக்கையை என் நிறுவனத்தார் என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குக் கரையில் நின்ற எங்கள் ஆட்களில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவள் நான் மட்டும்தான். எங்களோடு வேலை செய்த காமில் சேர் எரிபொருள் எடுக்க மன்னார் ரவுணுக்குப் போயிருந்தார். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

மார்ச் 17, 18, 19 மூன்று நாளும் வங்காலைக்கு வெளியே கடலில் பரிசோதனை நடந்தது. இரசாயனம் ஏற்றிவரும் கப்பல் ஒன்று உடைந்தால், அந்த நஞ்சு தண்ணீருக்குள் எந்தப் பக்கம் போகிறது என்று மேலே நின்று பார்க்க முடியாது. மனிதரை இறக்கிப் பார்க்கவும் கூடாது. அதற்காகத்தான் நாங்கள் செய்த, ஆளில்லாமல் தானாக நீந்தும் அந்த இயந்திரம். கேடில்லாத சிவப்புச் சாயத்தைக் கடலில் ஊற்றி, அதை நஞ்சு என்று வைத்துக்கொண்டு, இயந்திரம் அதைத் தேடிப் போய் வரைபடம் போடுகிறதா என்று பார்த்தோம். மற்றப் படகுகள் அந்தப் பக்கம் வராமல் பார்க்க அண்ணாவின் படகைக் காவலுக்குப் பிடித்திருந்தோம்.

மூன்றாம் நாள் பகல் பதினொன்றரைக்குத் தண்ணீருக்கு மேலே வரவேண்டிய இயந்திரம் வரவில்லை. பதினான்கு பாகத் தண்ணீரின் அடியில், எண்பது அடிக்கும் கீழே, யாரோ கைவிட்டுப் போன வலை ஒன்றில் சிக்கியிருந்தது. ஆழத்தில் இறங்கப் பயிற்சி பெற்ற எங்கள் சுழியோடி கொழும்பிலிருந்து வர இரண்டு நாளாகும். அண்ணா சிரித்தார். "உன்ர பிள்ளை வலைக்குள்ள மாட்டிட்டுது. விடு, நான் எடுத்துத் தாறன்" என்றார். "வேண்டாம் அண்ணா" என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. ஊரில் சுழியோடும் யோசேப்பிடம் காற்றுச் சிலிண்டர்கள் வாங்கிக்கொண்டு வந்து மூன்று தடவை இறங்கினார். தேடிப் பார்க்க ஒன்று, வலையை வெட்ட ஒன்று, கயிறு கட்ட ஒன்று. ஆழத்தில் சுவாசித்த காற்று இரத்தத்தில் கரைந்திருக்கும். ஆறுதலாக ஏறினால் அது வெளியே போய்விடும். சட்டென்று ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகி நரம்பை அடைக்கும். அண்ணா மூன்று தடவையும் சட்டென்றுதான் ஏறினார்.

கரைக்கு வரும்போது இரண்டரை. முழங்கை உளைகிறது என்றார். மூன்று மணிக்குக் கால் இரண்டிலும் உணர்வில்லை. வீட்டுக்குப் போன பிறகு உள்ள நேரங்கள் எனக்குச் சரியாகத் தெரியாது. முடிந்தால் எழுதி அனுப்புங்கள். மகளுக்கு ஒரு புத்தகப் பை அனுப்பியிருக்கிறேன்.

நிறஞ்சலா


வங்காலை
27.05.2014

நிறஞ்சலாவுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தமுறை கை வரவில்லை.

கடிதம் எழுத எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. என் தம்பி டிலோஜனை இரண்டாயிரத்து ஏழில் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். "விசாரிச்சிட்டு விடுறம் அக்கா" என்றார்கள், விடவில்லை. அவர்கள் யார் என்று இன்றுவரை ஒரு கடுதாசியிலும் ஒருவரும் எழுதவில்லை. இடம்பெயர்ந்து இருந்தபோதும் எழுதினேன், மீள்குடியேறி வந்து இந்தப் பூசாத சுவர் வீட்டில் இருந்துகொண்டும் எழுதுகிறேன். ஆணைக்குழு, செஞ்சிலுவை, ஆயர் இல்லம், கொழும்புக் கந்தோர்கள் என்று நான் எழுதாத இடமில்லை. எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதி எழுதி, நேரம் குறிப்பது எனக்கு வியாதியாகப் போய்விட்டது. அதனால்தான் நீ கேட்டதைத் தருகிறேன். உனக்காக என்று நினைத்துவிடாதே.

வீட்டுக்குக் கொண்டு வந்தது நாலேகால். மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தோம். கடலில் இறங்குகிறவர்களுக்குக் கால் மரப்பது இங்கே புதிதில்லை, யோசேப்புக்கும் இரண்டு தடவை வந்து விடியச் சுகமானது. இரவு ஒன்பதரைக்கு வயிறு ஊதியது, சிறுநீர் போகவில்லை. சாமம் மூன்று மணிக்கு மூச்சு இழுத்தது. நாலரைக்கு வான் ஒன்று பிடித்து ஏற்றினோம். மன்னாரில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முருங்கன் தாண்டும்போது "தண்ணி தா" என்றார், அதற்குப் பிறகு கதைக்கவில்லை. உயிர் போனது வெள்ளிக்கிழமை காலை பத்து இருபது. தவக்காலத்து வெள்ளி, ஊர்ச் சனம் சிலுவைப்பாதைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் செய்தி வந்தது.

மூன்று மணிக்கும் நாலேகாலுக்கும் இடையில் கரையில் நடந்ததை என்னிடம் கேட்காதே. படை முகாம் வாகனம் வந்ததும் நான் ஓடி வந்ததும் உனக்குத் தெரியும். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

முப்பத்தோராம் நாள் சரியாக உயிர்த்த ஞாயிறில் விழுந்தது. அன்றைக்குச் செத்தவர்களுக்குப் பூசை வைக்கக் கூடாதாம், பங்குச் சுவாமி அடுத்த கிழமைக்கு மாற்றினார். ஊர் முழுக்கப் புது உடுப்போடு கோயிலுக்குப் போக, நானும் மகளும் கறுப்போடு பின் வாங்கிலில் இருந்தோம். "அல்லேலூயா" பாடும்போது எனக்கு வாய் திறக்கவில்லை.

உன் மஞ்சள் இயந்திரம் சுகமாக இருக்கிறதாம். காமில் சேர் சொன்னார், கழுவித் துடைத்து, பெட்டிக்குள் பஞ்சு வைத்து விமானத்தில் அனுப்பினார்களாம். என் மனுசனைத் தகரம் போட்ட வானின் பின் சீற்றில் கால் மடக்கிக் கொண்டுபோனோம். மனிதர் இறங்கக் கூடாத தண்ணீருக்கு இறங்க என்று செய்த இயந்திரத்தை எடுக்க ஒரு மனிதனை இறக்கினாயே, அதை உன் அறிக்கையில் எப்படி எழுதப் போகிறாய் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஒக்டோபரில் திரும்பவும் வருகிறார்களாம். இந்தமுறை ஊர்ச் சுழியோடி ஒருவரை முதலிலேயே ஒழுங்கு செய்கிறார்களாம். யோசேப்பைக் கேட்டிருக்கிறார்கள்.

பை வந்தது. மகள் தொட்டுப் பார்த்தாள். அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன், ஆரும் அந்தப் பக்கம் வந்தால் திருப்பி அனுப்புவேன்.

றஞ்சிதம்


துரொன்ட்ஹைம்
22 ஜூன் 2014

மச்சாளுக்கு,

நேரங்களுக்கு நன்றி. அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். தமிழில் ஒரு பிரதியைக் காமில் சேர் உங்கள் கையில் தருவார். சுருக்கமாகச் சொல்வதென்றால், பிழை என்னுடையது. பயிற்சி இல்லாத, எங்கள் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவரை இறங்க விட்டது நான். கரையில் நடந்தவற்றுக்கும் நானே பொறுப்பு என்று எழுதியிருக்கிறேன். உங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. உங்களை யாரும் வந்து விசாரிக்க மாட்டார்கள், மகளுக்கு நாளைக்கு யாரும் எதையும் காட்டிக் கேட்கவும் மாட்டார்கள்.

என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒக்டோபருக்கு நான் வரமாட்டேன். இப்போது ஒரு கட்டடத்துக்குள், பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வேறு யாரோ செய்த கருவிகளின் திருகாணிகளைச் சரிபார்க்கும் வேலை. அதுவும் எனக்குக் கூடுதல்தான்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னால் உங்களுக்கு இன்னும் கோபம் வரும் என்று தெரியும். இயந்திரத்தில் தண்ணீருக்குள் கேட்கும் ஒலிவாங்கி ஒன்று இருக்கிறது. வலையில் சிக்கிக் கிடந்தபோதும் அது நிற்கவில்லை, எல்லாவற்றையும் பதிந்திருக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றுமில்லை, இறால்கள் போடும் நொறுநொறுச் சத்தம் மட்டும். பிறகு மூச்சு. சிலிண்டரில் இழுத்து விடுகிற மூச்சு, குமிழிகளோடு. தூரத்தில் தொடங்கிக் கிட்ட வருகிறது, சுற்றிப் போகிறது, மேலே போய்விடுகிறது. இரண்டாம் தடவை கத்தி வலையை அறுக்கிற சத்தம் வருகிறது. அறுத்து முடித்ததும் இயந்திரத்தின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுகிறார், மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல. மூன்றாம் தடவை வந்தபோது மூச்சு வேகமாக இருக்கிறது. களைத்திருக்கிறார். நான் மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று முடியப் போகிறது என்று அவசரப்பட்டேன். அவர் அவசரமாக ஏறியதற்கு அந்தக் கயிற்றை நான் இழுத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

இங்கே இப்போது இருட்டே வருவதில்லை. ஜன்னலுக்குத் தடித்த சீலை போட்டுவிட்டுப் படுக்கிறேன், ஆனாலும் நித்திரை இல்லை. அழுதால் சுகமாக இருக்கும் என்கிறார்கள். அழுகிறேன், ஒரு சுகமும் இல்லை.

சாயத்தின் வரைபடம் நன்றாக வந்திருக்கிறது. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முதல் இரண்டு நாளும் இயந்திரம் பிழையே விடவில்லை. நாளைக்கு உண்மையிலேயே ஒரு கப்பல் உடைந்தால், எந்தக் கரைக்கு நஞ்சு வரும், எந்தக் கரையில் வலை போடலாம் என்று ஒரு மணித்தியாலத்தில் சொல்லிவிடலாம். இதை அண்ணாவுக்குச் சொல்லத்தான் அந்த மூன்று நாளும் ஆசைப்பட்டேன்.

நிறஞ்சலா


வங்காலை
30.07.2014

நிறஞ்சலாவுக்கு,

காமில் சேர் போன கிழமை வந்தார். கதிரையில் இருக்கவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் உறையைத் தந்துவிட்டுப் போனார். பதினொரு பக்கம். சமையலை அப்படியே விட்டுவிட்டு வாசித்தேன், சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஏழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பிற்பகல் 3.40. பாதிக்கப்பட்டவரை வீட்டுக்குக் கொண்டுசெல்லப் பொறியியலாளர் முடிவெடுத்தார்." நான் அதை நாலைந்து தடவை வாசித்தேன். பொறியியலாளர் என்றால் நீ. நீ எப்போது முடிவெடுத்தாய்? நீ அழுதுகொண்டல்லவா நின்றாய்?

நான் சொல்லுகிறேன், கேள். என்னிடம் யோசேப்பின் மனுசி பெற்றிசியா ஓடி வந்து சொன்னது மூன்று ஐந்துக்கு. நான் கரைக்கு வரும்போது மூன்று இருபது. முகாம் வாகனத்தின் பின்னால் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் சீருடைப் பெடியன் ஒருவன் குந்தியிருந்து தன்னுடைய தொப்பியால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தான். அதை என் கண் பார்த்தது, மனது பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாகனத்தின் நிறமும் அதற்குள் கிடக்கிற என் ஆளும்தான். டிலோஜன் அதே நிற வாகனத்தில் போனபோது நான் வாசலில் நின்று, "சாப்பிட்டிட்டு வரட்டும்" என்றுதான் சொன்னேன். மறிக்கவில்லை. ஏழு வருடமாக என்னைத் தின்றது அதுதான். ஏன் மறிக்கவில்லை, ஏன் முன்னால் விழுந்து படுக்கவில்லை என்று.

அதனால் அன்றைக்கு மறித்தேன். வாகனத்துக்கு முன்னால் நின்றேன். "இன்னொருத்தரையும் உங்களிட்டத் தரமாட்டன், என்னில ஏத்திப்போட்டுப் போங்கோ" என்று கத்தினேன். பெற்றிசியா வந்து பக்கத்தில் நின்றாள், பிறகு மற்றப் பெண்களும் வந்தார்கள். வாகனத்தோடு வந்த அதிகாரி உன்னோடு கதைத்தார், நீ எனக்குச் சொன்னாய், கிழக்கே தங்கட தளத்தில் வைத்தியம் இருக்குதாம், கொண்டு போகட்டாம் என்று. நான் இல்லை என்றேன். இருபது நிமிடம் அப்படி நின்றோம். பிறகு நாங்களே அவரை இறக்கினோம், ஒரு பலகையில் வைத்து. அந்தப் பெடியனும் ஒரு பக்கம் பிடித்தான்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது டொக்டர் சொன்னார், அந்தக் கிழக்குத் தளத்தில் ஒரு இரும்பு அறை இருக்கிறதாம், உள்ளே வைத்து அழுத்தத்தைக் கூட்டி மெல்ல மெல்லக் குறைப்பார்களாம், அன்றைக்கே போயிருந்தால் தப்பியிருக்கலாம் என்று. அதைக் கேட்ட நேரத்திலிருந்து உன்னைத் திட்டத் தொடங்கினேன். உன்னைத் திட்டாவிட்டால் வேறு ஆரைத் திட்டுவது? சேமக்காலையில் உன்னைத் துரத்தியது, உன் முகத்தைப் பார்த்தால் நீ அதைச் சொல்லிவிடுவாய் என்ற பயத்தில். நீ சொல்லவில்லை. இப்போது எழுதவும் இல்லை.

எனக்காக விட்டாய் என்று விளங்குகிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும்தான். ஆனால் நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. ஏன் தெரியுமா? ஏழு வருடமாக நான் எழுதின ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டது ஒன்றே ஒன்று. நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ, செய்த ஆளின் பெயரைப் போடுங்கோ. அதைக் கேட்ட வாயோடு, என் பெயர் இல்லாத கடுதாசியை நான் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவதா?

இன்னொன்று. யோசேப்பு ஒக்டோபருக்கு ஓம் சொல்லிவிட்டான். காமில் சேரிடம் கேட்டேன், இந்தமுறை என்ன மாற்றம் என்று. பொறியியலாளரை மாற்றியிருக்கிறார்கள் என்றார். வேறு? வேறொன்றும் இல்லையாம், அறிக்கையில் வேறு பிழை சொல்லப்படவில்லையாம். யோசேப்பின் கால் மரத்தால் அதே வாகனம்தான் வரும். பெற்றிசியா முன்னால் நிற்பாள். அவளுடைய தமையனும் போய்த் திரும்பாதவன்தான். நான் அவளை ஏச முடியாது, அவளுக்கு மறிக்கப் பழக்கியதே நான்.

திருத்தி எழுது. "மனைவி றஞ்சிதம் மறித்தார்" என்று எழுது. ஏன் மறித்தேன் என்பதையும் எழுது, அதை விட்டுவிட்டால் நான் விசரி என்று நினைப்பார்கள்.

அந்த மூச்சுச் சத்தத்தை எனக்கு அனுப்பாதே. அழித்தும் விடாதே.

றஞ்சிதம்


துரொன்ட்ஹைம்
20 ஓகஸ்ட் 2014

மச்சாள்,

உங்கள் கடிதம் வந்து எட்டு நாள். திருத்தி எழுத எட்டு நாளும் உட்கார்ந்தேன். "மனைவி மறித்தார்" என்று எழுதினால் அடுத்த வரி என்ன என்று எனக்குத் தெரியும். அதை வாசிக்கிற யாரும் கேட்கப் போவது ஒரே கேள்விதான்: மறித்தவருக்கு ஆபத்து எடுத்துச் சொல்லப்பட்டதா? சொன்னது யார்?

நான் உங்களுக்காகத்தான் அந்த வரியை விட்டேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, என்னைப் பெரிய தியாகி என்று எண்ணிக்கொண்டு, இங்கே திருகாணி எண்ணினேன். அது பொய். அந்த வரியை விட்டதால் நான்தான் தப்பினேன்.

அந்த அதிகாரி என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான். "இவருக்கு இன்னும் சில மணித்தியாலம்தான் இருக்கிறது. அந்த அறைக்குப் போகாவிட்டால் இவர் செத்துப்போவார். மனைவிக்கு இதை அப்படியே சொல்லுங்கள்." மூன்று வசனம். அவர் அதை இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது அவருடைய குரல் உடைந்திருந்தது, அவரும் என்னுடைய வயதுதான்.

நீங்கள் "என்னவாம்?" என்றீர்கள். நான் திரும்பினேன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் அண்ணா கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று. அவருக்கு முன்னால் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வேன்? "அங்க நல்லா பாப்பினமாம், கொண்டு போகட்டாம்" என்றேன். கடைக்குப் போய் வருவது மாதிரிச் சொன்னேன். அண்ணா சிரிக்கப் பார்த்தார். "வீட்ட போவம்" என்று உங்களிடம் சொன்னார். நீங்கள் அவர் சொல்லைக் கேட்டீர்கள். நானும் கேட்டேன்.

எனக்குத் தெரியும், மச்சாள். குமிழி என்ன செய்யும், எத்தனை மணித்தியாலத்துக்குள் அந்த அறைக்குள் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். அந்தக் கரையில் நின்ற எங்கள் ஆட்கள் நூறு பேரில் முழுவதும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நீங்கள் தெரியாமல் மறித்தீர்கள். நான் தெரிந்துகொண்டு, நாகரிகமாக, வாயை மூடிக்கொண்டு நின்றேன். உங்கள் பயத்துக்கு ஏழு வருடத்துக் காரணம் இருந்தது. எனக்கு ஒரு காரணமும் இல்லை, அண்ணாவின் முகத்தைப் பார்க்க முடியாத கோழைத்தனம் மட்டும்தான்.

இதைத் திருத்திய அறிக்கையில் எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன் உங்களுக்கு முதலில் தெரியவேண்டும் என்று இந்தக் கடிதம். இனி நீங்கள் என்ன சொன்னாலும் சரி. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் நீங்கள் விட்டிருப்பீர்களா? இல்லை என்றால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். அதற்காகத்தான் கேட்கிறேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நிறஞ்சலா


வங்காலை
14.09.2014

நிறஞ்சலாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மகள் பயந்துபோய்ப் பெற்றிசியாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெற்றிசியாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் உன்னைத் திட்டவில்லை. "அக்கா, எனக்கு அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருந்தாலும் நான் உங்களோடதான் நிண்டிருப்பன்" என்றாள். அவள் நல்லவள்.

காமில் சேரை வரச் சொன்னோம். ஒக்டோபரில் இறங்குகிற ஒவ்வொருவருடைய வீட்டுக்காரியையும் முதல் நாளே கூப்பிட்டு, அந்த அறையின் படத்தைக் காட்டி, எந்த ஊர், எந்தப் பாதை, எத்தனை மணித்தியாலம் என்று சொல்ல வேண்டும் என்றோம். வீட்டுக்காரி ஒருத்தி வாகனத்தில் கூடப் போக வேண்டும், அது எந்த நிற வாகனமாக இருந்தாலும் சரி. சொல்லுகிறவர் மெதுவாகச் சொல்லக் கூடாது, போகாவிட்டால் ஆள் செத்துப்போவான் என்று, ஆள் கேட்கத்தக்கதாகவே சொல்ல வேண்டும். சேர் எழுதிக்கொண்டார். உன் திருத்திய அறிக்கை வந்தால்தான் மேலிடத்தில் இதை ஏற்பார்கள் என்றார். ஆகவே சுணக்காமல் அனுப்பு. என் பெயர், உன் பெயர் இரண்டும் இருக்கட்டும். அந்த அதிகாரி அப்படியே சொல்லச் சொன்னார் என்பதும் இருக்கட்டும். அவர் செய்ததையும் நடந்தபடி எழுத வேண்டும், எங்களுக்கு மட்டும்தான் நியாயம் என்று இல்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். முதலில் உனக்கு வேறொரு கடிதம் எழுதினேன். "நீ எதைச் சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன், என் பிடிவாதம் உனக்குத் தெரியும்தானே, மனதைப் போட்டு வருத்தாதே" என்று. நல்ல கடிதம். எழுதும்போது உன்மேல் எனக்கு இரக்கம் வந்தது, உண்மையாகவே வந்தது. நீயும் உன் தமையனைத்தானே பறிகொடுத்தாய். உறையில் போட்டு மூடி, முத்திரையும் ஒட்டி, தபால் கந்தோர் வாசல் வரைக்கும் கொண்டு போனேன்.

அங்கே நின்று யோசித்தேன். டிலோஜனுக்காக எனக்கு வந்த பதில்கள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. கவலைப்படாதீர்கள், ஆவன செய்யப்படும், தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். ஆறுதலாகத்தான் எழுதுவார்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. அப்படி ஒன்றை என் கையால் உனக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. கிழித்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

விட்டிருப்பேன், நிறஞ்சலா. அந்தச் சொல் என் காதில் விழுந்திருந்தால் வாகனத்துக்கு முன்னால் இருந்து விலகியிருப்பேன். செருப்பும் இல்லாமல் வந்தபடியே ஏறி, அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவர்களோடு போயிருப்பேன்.

றஞ்சிதம்